ஹக்கலை பூங்காவில் ரோஜா பார்க்கப் போனால்

நுவரெலியாவில் இருந்து வெலிமடை பஸ் ஏறினால் சீதை அம்மன் கோயிலைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஹக்கலை பூங்கா வாசலிலேயே இறங்கலாம். 1861இல் சிங்கோனா (மலேரியா மருந்தான குயினைன் எடுக்கும் மரம்) வளர்க்கத் தொடங்கிய இடம், இன்றைக்கு நான் போவது ரோஜாவுக்காக மட்டும்தான். 1867இல் முதல் நவீன ரோஜா எனப்படும் 'லா பிரான்ஸ்' வருவதற்கு முன்பே இருந்த ரோஜா வகைகளைத்தான் பழைய தோட்ட ரோஜா என்பார்கள், கடையில் விற்கிற கூர்மொட்டு ரோஜா மாதிரி இல்லை அது, பலவற்றில் இதழ்கள் கசக்கி மடித்து அடைத்த மாதிரி நெருக்கமாக இருக்கும், சிலவற்றில் நடுவில் பொத்தான் போல ஒரு சுருட்டு. அந்தச் சாயலில் ஒரு இளஞ்சிவப்புப் பூ, பனி நீரின் பாரத்தில் தலை கவிழ்ந்து நின்றது, குந்தி உட்கார்ந்து கீழே இருந்துதான் படம் எடுத்தேன். அப்பா, அந்த வாசம்!

காலையில் வாசல் திறந்ததுமே போய்விடுங்கள். மூடுபனி வெளிச்சத்தில் இதழின் நரம்பு வரை படத்தில் விழும், வெயில் ஏறினால் சிவப்பெல்லாம் ஒரே திட்டாகிவிடும், அப்போது கேமராவில் எக்ஸ்போஷரை (படத்தில் விழும் வெளிச்ச அளவை) கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். ஏப்ரலில் கூட்டம் அதிகம். ஸ்வெட்டர் கட்டாயம்.