வங்கதேசமும் மங்கோலியாவும்: நெரிசலும் வெட்டவெளியும்

தாராவியின் 90 அடிச் சாலையில் தோள் இடிபடாமல் நடக்க முடியாத மும்பைத் தமிழருக்கு, சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல் வாழும் வங்கதேசம் புதிதாகத் தோன்றாது. அதே பரப்பில் ஏறத்தாழ இரண்டே பேர் வாழும் மங்கோலியாதான் வியப்பூட்டும். கங்கை, பிரம்மபுத்திரா, மேக்னா கொட்டும் வண்டலில் ஆண்டுக்கு இரண்டு, சில இடங்களில் மூன்று போகம் நெல் விளைவதால், தமிழ்நாட்டைவிடச் சற்றே பெரிய நிலத்தில் சுமார் 17 கோடிப் பேர் பிழைக்க முடிகிறது. மங்கோலியா இந்தியாவில் ஏறக்குறையப் பாதிப் பரப்புடையது. ஆனால் பாலையும் கடுங்குளிரும் பெரும்பகுதியில் உழவுக்கு இடம் தராததால், அங்கே மேய்ச்சலே பிழைப்பு. வறண்ட கோடையை அடுத்துக் கொடும்பனி வந்தால் மந்தைகள் மடிகின்றன. அவற்றை இழந்தவர்கள் தலைநகர் உலான்பாத்தரின் விளிம்பில் கம்பளிக் கூடாரம் அமைத்து நிலக்கரி எரிக்க, சுமார் 35 லட்சம் மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வாழும் அந்நகரம் குளிர்காலத்தில் புகையில் மூச்சுத் திணறுகிறது. (வெட்டவெளி நாட்டுக்கு இப்படியொரு நெரிசல்!)

அரசுச் சேவை என்று வந்தால் நெருக்கமே வசதி என்பது என் கணிப்பு. வங்கதேசத்தில் பெண் பணியாளர்கள் நடந்தே வீடுவீடாகச் சென்று குடும்பநலம் பேச முடிந்தது. 1970களில் பெண்ணுக்கு ஆறுக்கு மேல் இருந்த பிள்ளைப்பேறு இரண்டை ஒட்டி இறங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். மங்கோலியாவிலோ மேய்ப்பர்களின் பிள்ளைகள் பலர் விடுதியில் தங்கித்தான் படிக்க வேண்டியிருக்கிறது.