வோல்டேஜைக் குறைப்பதா, டர்போவை அணைப்பதா?

லேப்டாப் கொதிக்கிறது என்றதும் பலரும் முதலில் கை வைப்பது டர்போவில்தான்; தேவைப்படும்போது பிராசசர் தன் அடிப்படை வேகத்தைத் தாண்டி ஓடும் வசதி அது. விண்டோஸ் பவர் ஆப்ஷனில் பிராசசரின் உச்ச அளவை 100-இலிருந்து 99 சதவீதம் ஆக்கினால் டர்போ அணைந்துவிடும். இரண்டு நிமிட வேலை, ஆபத்தும் இல்லை. ஆனால் என்னிடம் இருக்கும் இன்டெல் கோர் ஐ7-8550யு பிராசசர் 4.0 கிகாஹெர்ட்ஸ் வரை ஏறக்கூடியது; டர்போ போனால் 1.8-ஐத் தாண்டாது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை.

அண்டர்வோல்ட் வேறு ரகம். வேகம் அப்படியே இருக்கும், அதற்கு ஊட்டும் வோல்டேஜ் மட்டும் குறையும். ஒரே மாடலில் சுமாரான சிப்பும் தடுமாறக் கூடாது என்பதால் தயாரிப்பாளர்கள் வோல்டேஜைக் கொஞ்சம் தாராளமாகவே வைக்கிறார்கள். நாம் சுரண்டுவது அந்த உபரியை. இயங்கும்போது சிப் இழுக்கும் மின்சக்தி வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறி இறங்கும். 1.0 வோல்ட்டை 0.9 ஆக்கினால், அதே வேகத்தில் அந்தச் செலவு சுமார் 19 சதவீதம் குறைகிறது. சூடு தாங்காமல் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்த லேப்டாப் என்றால், வேகம் கூடவும் செய்யும்.

வோல்டேஜை மாற்ற உதவும் த்ராட்டில்ஸ்டாப் என்ற மென்பொருளில், கோர் (கணக்குப் போடும் பகுதி), கேஷ் (சிப்பின் உள் நினைவகம்) இரண்டுக்கும் ஒரே அளவு கொடுத்து, −50 மில்லிவோல்ட்டில் தொடங்கிப் பத்துப் பத்தாக இறங்கலாம். நான் அவசரப்பட்டு −125-க்குப் போனேன். பிராசசரை முழுச் சுமையில் ஓட்டிப் பார்க்கும் ஒரு மணி நேர ஸ்ட்ரெஸ் டெஸ்டை சுத்தமாகத் தாண்டியது. மறுநாள் பிரவுசரில் ஒரே ஒரு டேப், அதில் டைப் அடித்துக்கொண்டிருக்கும்போது திரை உறைந்தது. சும்மா இருக்கும்போது வோல்டேஜ் ஏற்கெனவே அடிமட்டத்தில் இருக்கும்; அதிலும் 125 கழிந்தால் எங்கே நிற்கும்? அதனால் டெஸ்ட் மதிப்பெண்ணை நான் இப்போது நம்புவதில்லை. சில நாள் சாதாரணமாகப் புழங்கிப் பார்ப்பதுதான் உண்மையான சோதனை.

எல்லோருக்கும் இந்த வழி திறந்திருக்காது. வோல்டேஜைக் குறைத்தே கணக்கில் பிழை உண்டாக்கி, ரகசியத் தரவைப் பாதுகாக்க இன்டெல் சிப்புக்குள் வைத்திருக்கும் எஸ்ஜிஎக்ஸ் பெட்டகத்திலிருந்து ரகசியத்தைக் கறக்க முடியும் என்று 2019 டிசம்பரில் வெளியான பிளண்டர்வோல்ட் தாக்குதல் காட்டியது. அதன்பின் பயாஸ் (லேப்டாப்பைத் தொடங்கி வைக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டுகள் பல லேப்டாப்களில் இந்தக் கதவைப் பூட்டிவிட்டன. பழைய பயாஸுக்குத் திரும்பினால் சிலவற்றில் திறக்கும். அதற்காகப் பாதுகாப்பை விட்டுக்கொடுப்பது எனக்கு உவப்பில்லை.

பூட்டு விழுந்திருந்தால் டர்போவை அணைக்காதீர்கள், பவர் லிமிட்டைக் குறையுங்கள். பிஎல்1 நீண்ட நேரச் சுமைக்கான வாட் வரம்பு, பிஎல்2 சில நொடிப் பாய்ச்சலுக்கானது. பிஎல்1-ஐ மட்டும் இறக்கினால், ஆப் திறக்கும்போது அந்தத் துள்ளல் அப்படியே இருக்கும். நீண்ட ரெண்டரிங்கில் மட்டும் கொஞ்சம் காத்திருக்க வேண்டும்.

சிப்புக்கும் கூலருக்கும் நடுவில் பூசும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றுவது இவற்றோடு போட்டி போடும் விஷயமே இல்லை. அது சூட்டை வெளியே கடத்தும், உண்டாவதைக் குறைக்காது. பேட்டரிக்கு அதனால் பெரிதாகப் பலனில்லை.

நான் இப்போது −80-இல் நிற்கிறேன், டர்போ ஓடுகிறது. அந்த எண் உறுதியாகும்வரை த்ராட்டில்ஸ்டாப்பை டாஸ்க் ஷெட்யூலரில் போடவில்லை. தானாகத் தொடங்காமல் இருந்தால், உறைந்தாலும் ரீஸ்டார்ட் ஆனதும் பழைய வோல்டேஜே வந்துவிடும்.