எந்த அடுப்பில் எவ்வளவு செலவு? சமையல் சாதனங்களின் எரிசக்தி ஒப்பீடு

சமையல் சாதனம் வாங்குவோர் பெரும்பாலும் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வாட் எண்ணைத்தான் முதலில் தேடுகிறார்கள். 2,000 வாட் என்றால் மின்கட்டணம் எகிறும், 200 வாட் என்றால் சிக்கனம் என்பது பொதுவான கணிப்பு. ஆனால் வாட் என்பது மின்சாரம் எவ்வளவு வேகமாக உள்ளே போகிறது என்பதை மட்டுமே சொல்கிறது. மீட்டரில் ஏறுவது, அந்த வேகத்தை நேரத்தால் பெருக்கினால் வரும் யூனிட், அதாவது கிலோவாட் மணி. 2,000 வாட் சாதனம் மூன்று நிமிடம் ஓடினாலும், 200 வாட் சாதனம் அரை மணி நேரம் ஓடினாலும் செலவு 0.1 யூனிட்தான். மெதுவாகச் சூடேறும் பாத்திரம் அந்த அரை மணி நேரமும் காற்றுக்கு வெப்பத்தை இழந்துகொண்டே இருப்பதால், சில வேலைகளில் வாட் குறைந்த சாதனமே கூடுதலாகச் செலவு வைக்கும்.

ஆகவே ஒப்பிட வேண்டியது வாட்டை அன்று, ஒரே வேலையை. ஒரு லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 314 கிலோஜூல், அதாவது 0.087 யூனிட் வெப்பம் தேவை. எந்தச் சாதனமானாலும் இதற்குக் கீழே போக முடியாது. இதற்கு மேல் எவ்வளவு வீணாகிறது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. மின்கெட்டிலில் சூடேறும் பாகம் நீரை ஒட்டியே இருப்பதால், இந்த வேலை சுமார் 0.10 யூனிட்டில் முடிகிறது. இண்டக்‌ஷன் அடுப்பில் காந்தப்புலம் பாத்திரத்தின் அடியிலேயே வெப்பத்தை உண்டாக்குகிறது. சுமார் 85 விழுக்காடு திறனுடன் அதுவும் அதே 0.10 யூனிட்டை ஒட்டியே நிற்கிறது. கம்பிச்சுருள் உள்ள மின்னடுப்பு, தன்னைச் சூடாக்கிக்கொண்ட பிறகே பாத்திரத்துக்கு வெப்பத்தைத் தருவதால் 0.12 யூனிட் வரை கேட்கிறது. வேகத்துக்குப் பெயர்பெற்ற மைக்ரோவேவ் இந்தப் போட்டியில் பின்தங்கிவிடுகிறது. 800 வாட் நுண்ணலையை உணவுக்குத் தர அது சுவரிலிருந்து 1,200 வாட் அல்லது அதற்கு மேலும் இழுக்கிறது; ஆகவே ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 0.14 யூனிட் ஆகும். எரிவாயு அடுப்பில் சுடரின் வெப்பத்தில் பெரும்பகுதி பாத்திரத்தின் பக்கங்களில் வழுக்கி மேலே போய்விடுகிறது. அன்றாடப் பயன்பாட்டில் 40 முதல் 50 விழுக்காடு வெப்பமே உள்ளே சேர்கிறது என்று கொண்டால், அதே வேலைக்கு 0.17 முதல் 0.22 யூனிட்டுக்கு இணையான எரிவாயு தேவைப்படும்.

இதைப் பார்த்ததும் எரிவாயு தோற்றுவிட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது, ஏனெனில் ஒரு யூனிட் வெப்பத்தை எரிவாயுவாக வாங்கும் விலையும் மின்சாரமாக வாங்கும் விலையும் ஒன்றல்ல. ஒரு கிலோ சமையல் எரிவாயுவில் ஏறத்தாழ 12.8 யூனிட் வெப்பம் அடங்கியிருக்கிறது. மேற்சொன்ன திறனில் அது 5.1 முதல் 6.4 யூனிட் வரை பயன்தரும் வெப்பமாகிறது. அதே வெப்பத்தை இண்டக்‌ஷன் அடுப்பில் பெற 6 முதல் 7.5 யூனிட் மின்சாரம் வேண்டும். எனவே ஒரு கிலோ எரிவாயுவின் விலையை ஒரு யூனிட் மின்சாரத்தின் விலையால் வகுத்துப் பாருங்கள். விடை 7.5-க்கு மேல் வந்தால் இண்டக்‌ஷன் மலிவு, 6-க்குக் கீழ் வந்தால் எரிவாயு மலிவு. இடையில் வந்தால், செலவை விட்டுவிட்டு வசதியை வைத்து முடிவெடுக்கலாம். குழாய்வழி வரும் இயற்கை எரிவாயுவுக்கும் இதே கணக்கு பொருந்தும். ஒரு கனமீட்டரில் சுமார் 10 யூனிட் வெப்பம் உண்டு. இங்கே பலர் தவறுவது ஓரிடத்தில்தான்: பயன்பாடு கூடக் கூட யூனிட் விலையும் படிப்படியாக ஏறும் கட்டணமுறை உள்ள வீட்டில், சமையலை மின்சாரத்துக்கு மாற்றினால் சேரும் யூனிட்டுகள் எல்லாம் உச்சப் படியின் விலையில்தான் சேரும். சராசரி விலையை வைத்துப் போட்ட கணக்கு அங்கே பொய்த்துவிடும்.

சாதனத்தைவிட மூடி முக்கியம் என்பது என் எண்ணம்; அதற்குக் காரணம் நீராவி. கொதிநிலையை எட்டிய ஒரு லிட்டர் நீரை முழுவதும் ஆவியாக்க 0.63 யூனிட் வெப்பம் வேண்டும். அதைக் கொதிக்கவைக்கச் செலவான வெப்பத்தைப் போல இது ஏழு மடங்கு. கொதிக்கும் நீர், சுடரை எவ்வளவு கூட்டினாலும், திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியைத் தாண்டாது. கூட்டிய வெப்பம் முழுவதும் ஆவியாகவே போகும். 1,500 வாட் வெப்பம் தொடர்ந்து பாயும் பாத்திரத்தில் அரை மணி நேரத்தில் 1.2 லிட்டர் நீர் ஆவியாகி, அதோடு 0.75 யூனிட்டும் போய்விடும். மூடி போட்டுச் சுடரைத் தணித்தால் அதே கொதியை இரு நூறு, முந்நூறு வாட்டில் தக்கவைக்கலாம். சிறந்த இண்டக்‌ஷன் அடுப்பில் மூடாமல் கொதிக்கவிடுபவர், சாதாரண எரிவாயு அடுப்பில் மூடி சமைப்பவரைவிட அதிகம் செலவழிப்பது இதனால்தான். பிரஷர் குக்கர் இதற்கும் ஒரு படி மேலே போகிறது. உள்ளே அழுத்தம் கூடுவதால் நீர் சுமார் 120 டிகிரியில்தான் கொதிக்கிறது. வேகும் நேரம் வெகுவாகக் குறைகிறது, ஆவியாக வெளியேறும் வெப்பமும் மிகக் குறைவு. ஆனால் விசில் தொடர்ந்து அலறும்படி சுடரைப் பெரிதாக வைத்தால் அந்த ஆதாயம் ஆவியோடு போய்விடும்.

உலர் வெப்பத்தில் சமைக்கும் சாதனங்களில் இடைவெளி பெரிது. மின் அவன் (oven), அதாவது கேக், ரொட்டி சுடும் மின்பெட்டி, சூடேற்ற வேண்டியது உணவை மட்டுமன்று. தன் உலோகச் சுவர்களையும் தட்டுகளையும் உள்ளிருக்கும் காற்றையும் சேர்த்தே சூடேற்ற வேண்டும். 2,500 வாட் அவன் பத்து நிமிடம் முன்சூடேறுவதற்கே 0.4 யூனிட் ஆகிவிடுகிறது. 1,500 வாட் ஏர் ஃப்ரையர் கால் மணி நேரம் நிற்காமல் ஓடினாலும் அந்த 0.4 யூனிட்டுக்குள் ஒரு சிறு அளவு உணவைச் சமைத்தே முடித்துவிடும். ஒருவருக்கோ இருவருக்கோ சமைக்கும்போது ஏர் ஃப்ரையருக்குப் போட்டியே இல்லை. ஆனால் மின் அவனின் இரு தட்டுகளிலும் நிரப்பி ஒரே முறையில் முடிக்கக்கூடிய அளவை, ஏர் ஃப்ரையரின் சிறிய கூடையில் மூன்று நான்கு முறை பிரித்துச் சமைத்தால் அந்த ஆதாயம் கரைந்துவிடும். நின்றுகொண்டு மாற்றிப் போடும் நேரத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

ஒரு தட்டு உணவை மறுபடி சூடாக்க வேண்டும் என்றால் மைக்ரோவேவ்தான் சிறந்தது. பாத்திரத்தையோ காற்றையோ அதிகம் சூடாக்காமல் உணவிலேயே வெப்பம் பிறப்பதால் மூன்று நிமிடத்தில் 0.06 யூனிட்டோடு வேலை முடிகிறது. தண்ணீரில் தோற்ற சாதனம் இங்கே வெல்கிறது.

குறைந்த வெப்பத்தில் நெடுநேரம் வேகவைக்கும் மெதுகுக்கரின் (slow cooker) புகழ் கொஞ்சம் மிகையானது. 200 வாட் சாதனம் எட்டு மணி நேரம் நிற்காமல் ஓடினால் 1.6 யூனிட் ஆகும்; அதே உணவை இண்டக்‌ஷன் அடுப்பில் வைத்த பிரஷர் குக்கர் அதில் பாதிக்கும் குறைவான செலவில் வேகவைத்துவிடும்.

பாத்திரத்தில் சேராத வெப்பம் சமையலறையில்தான் சேர்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். குளிர்காலத்தில் அது வீட்டைச் சூடாக்க உதவும். குளிர்சாதனம் ஓடும் வீட்டிலோ அதை வெளியேற்ற இன்னொரு முறை மின்சாரம் செலவாகும்.

சமைக்காத நேரத்துக்கும் செலவு உண்டு. மைக்ரோவேவின் ஒளிரும் கடிகாரம் 3 வாட் எடுத்துக்கொண்டால் ஆண்டு முழுவதற்கும் 26 யூனிட் ஆகிறது. நாள்தோறும் ஒரே ஒரு தட்டை மூன்று நிமிடம் சூடாக்கும் வீட்டில் ஆண்டுக்கு ஆகும் சமையல் செலவு 22 யூனிட்தான்.