எச்எச் 212-இன் ஜெட்: உள்விளிம்பிலிருந்தா, வட்டு முழுவதிலிருந்துமா?

ஓரியனில், சுமார் 1,300 ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் எச்எச் 212 இன்னும் பிறந்து முடியாத விண்மீன். நிறை சூரியனில் கால் பங்கு. இரு துருவங்களிலும் நொடிக்கு ஏறத்தாழ 100 கி.மீ. வேகத்தில் ஜெட், அதாவது ஒடுங்கிய வாயுப் பீச்சு, பாய்கிறது. அதை முடுக்குவது காந்தப்புலம் என்பதில் பெரிய சண்டை இல்லை. விண்மீனைச் சுற்றிச் சுழலும் வாயு-தூசி வட்டில் புலக்கோடு எங்கே ஊன்றியிருக்கிறது என்பதில்தான் சண்டை.

வானியற்பியலாளர் ஃபிராங்க் ஷூ குழு 1994-இல் விரித்த ‘எக்ஸ்-காற்று’ விளக்கத்தில், விண்மீனின் சொந்தப் புலம் வட்டைத் தடுத்து நிறுத்தும் குறுகிய வளையம்தான் ஜெட் கிளம்பும் இடம், விண்மீனிலிருந்து சுமார் 0.05 வானியல் அலகு (ஒரு அலகு என்பது பூமி–சூரியன் தூரம்). அங்கிருந்து வழி பிரிகிறது: ஒரு பங்கு வாயு விண்மீன்மேல் விழுகிறது, மறு பங்கு கோண உந்தத்தை (சுழற்சியின் உந்தத்தை) சுமந்துகொண்டு வெளியேறுகிறது. இளம் விண்மீன்கள் ஏன் இவ்வளவு மெதுவாகச் சுழல்கின்றன என்பதற்கு இது பதில் வைத்திருக்கிறது. ஆனால் அத்தனை புலமும் அந்த ஒரே வளையத்தில் நெரிந்து நிற்க வேண்டும்; அதுதான் இதன் பலவீனம்.

போட்டி விளக்கமான பிளாண்ட்ஃபோர்ட்–பெய்ன் வட்டுக் காற்று (1982) முதலில் கருந்துளைகளுக்காக எழுதப்பட்டது. இதில் புலம் வட்டையே துளைத்துச் செல்கிறது. கோடு சுழலச்சிலிருந்து 30 பாகைக்கு மேல் சாய்ந்திருந்தால், கம்பியில் கோத்த மணிபோல் வாயு தானே வெளியே வழுக்கும். சாய்வு குறைந்தால் குளிர்ந்த வாயு கிளம்பாது. வெப்பம் தள்ளிவிட வேண்டும்.

ஜெட்டை மெல்லிய கற்றையாக ஒடுக்குவதில் இரண்டுக்கும் வேறுபாடு கிடையாது. சுழற்சியில் முறுக்கிய புலம் வளையமாகச் சுற்றி இறுக்குகிறது, அவ்வளவே.

பிரித்தறிய உதவுவது நெம்புகோல் எண். வாயு புலத்தின் பிடியிலிருந்து நழுவும் ஆரத்தைக் கிளம்பிய ஆரத்தால் வகுத்து, வர்க்கப்படுத்தினால் வருவது அது. அதை இரட்டித்து, 3 கழித்து, வர்க்கமூலம் எடுத்துக் கெப்ளர் வேகத்தால் (கிளம்பிய ஆரத்தில் விண்மீனைச் சுற்றும் வேகம்) பெருக்கினால் இறுதி வேகம். 0.05 அலகில் கெப்ளர் வேகம் நொடிக்கு 67 கி.மீ.; 100 கி.மீ. எட்ட 2.6 போதும். அந்த வாயு சுமக்கும் கோண உந்தம், ஒரு நிறை அலகுக்கு, சுமார் 9 (வானியல் அலகு × கி.மீ./நொடி). அதே வேகத்தை 1 அலகிலிருந்து பெற எண் 24 ஆக வேண்டும், உந்தம் 350-ஐத் தாண்டும். சிலியிலுள்ள அல்மா ரேடியோ தொலைநோக்கியில், ஜெட்டிலுள்ள சிலிக்கான் மோனாக்சைடு வாயு காட்டியது (2017) ஏறத்தாழ 10.

எக்ஸ்-காற்று ஜெயித்துவிட்டதா? அவசரம் வேண்டாம். அந்த அளவீட்டின் பிரிதிறன் 8 அலகு; முடிவோ 0.05 அலகைப் பற்றி. தொலைநோக்கியால் பிரித்தறிய முடியாத ஒரே புள்ளிக்குள் பல புலக்கோடுகள் கலந்தால் சுழற்சி மங்கி, கிளம்பும் இடம் உள்ளே இருப்பதுபோல் தெரியும். ஆர்டபிள்யூ ஆரிகே என்ற இன்னொரு இளம் விண்மீனின் ஜெட்டில் சுழற்சி என்று எடுத்துக்கொண்ட நகர்வு, வட்டின் சுழற்சிக்கு எதிர்த்திசையில் இருந்தது 2006-இல் தெரியவந்தது! அதிர்வலையோ ஜெட்டின் தள்ளாட்டமோகூட இப்படி ஏமாற்றும்.

தவிர, வட்டுக் காற்றின் உள்விளிம்பும் அதே 10-ஐத் தரும். எச்எச் 212-இல் ஜெட்டைச் சுற்றி மெதுவாகச் சுழன்று எழும் சல்ஃபர் மோனாக்சைடு உறையோ, 40 அலகு வரை பரந்த வட்டுக் காற்றோடு பொருந்துகிறது. எக்ஸ்-காற்றின் கை அவ்வளவு தூரம் நீளாது. ஆகவே இந்த விண்மீனில் என் சாய்வு வட்டுக் காற்றின் பக்கம். விண்மீனின் சுழற்சிக்குக் கடிவாளம் போடும் கணக்கை மட்டும் எக்ஸ்-காற்றிடமே விட்டுவிடலாம்.