வகுப்பறைப் பிறந்தநாள் கிட்: எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

பிறந்தநாளுக்குத் தின்பண்டம் கொண்டுவர வேண்டாம் என்று பள்ளி சொல்லிவிட்டால் பெற்றோர் அடுத்துத் தேடுவது ரெடிமேட் 'பர்த்டே கிட்'. பெரும்பாலான பெட்டிகளில் சூரிய நடை செட், வாழ்த்துப் புத்தகம், துணிக் கிரீடம், வகுப்புக்கே சேர்த்து ரிட்டர்ன் கிஃப்ட் பைகள் என்று நான்கு பொருள்கள் இருக்கும். நான்கும் ஒரே தரமாக இருப்பதில்லை. காசு போவது பெரும்பாலும் கடைசிப் பொருளுக்கு. பிள்ளை நினைவில் வைத்திருப்பது முதல் இரண்டை.

பெட்டியிலேயே சிறந்தது சூரிய நடை. மாண்டிசோரி வகுப்புகளில் பழக்கமான முறை இது. நடுவில் சூரியனாக ஒரு மஞ்சள் துணி வட்டம், அதைச் சுற்றிப் பன்னிரண்டு மாத அட்டைகள். பிள்ளை கையில் சிறிய உலக உருண்டையை ஏந்தி, தன் பிறந்த மாதத்தில் தொடங்கி, வயதுக்கு ஒரு சுற்று வரும். ஒவ்வொரு சுற்று முடியும்போதும் அந்த வயதில் நடந்த ஒன்றை ஆசிரியர் வாசிப்பார்: முதல் சொல், முதல் பல் விழுந்தது, தம்பி பிறந்தது. ஏழு வயதுப் பிள்ளைக்குப் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

அட்டைகளை 2 மீட்டர் விட்டமுள்ள வட்டமாக வையுங்கள். இரண்டு அட்டைகளுக்கு நடுவே அரை மீட்டர் கிடைக்கும். இதைவிடச் சுருக்கினால் பிள்ளை அட்டையை மிதிக்கும். துணி வட்டத்தின் அடியில் நான்கு இடங்களில் டேப் ஒட்டாவிட்டால் வழவழப்பான தரையில் வழுக்கும். சில செட்களில் அம்புக்குறி கடிகார முள் செல்லும் திசையில் அச்சாகியிருக்கும், அது தவறு. வட துருவத்துக்கு மேலிருந்து பார்த்தால் பூமி எதிர்த்திசையில்தான் சூரியனைச் சுற்றுகிறது. அறிவியலைக் காட்டும் பொருளில் இந்தப் பிழையை மன்னிக்க முடியாது. அட்டைகளை மாற்றி அடுக்கிக்கொள்ளுங்கள். துணி வட்டத்தின் நடுவில் வைக்கும் மெழுகுவர்த்திக்குப் பதில் பேட்டரி விளக்கு போதும். ஆண்டுக்கொரு படம் கேட்கும் கிட் என்றால் யோசியுங்கள். கைக்குழந்தைக் காலப் படமே இல்லாத பிள்ளைகளும் உண்டு. ஆண்டுக்கொரு வரி எல்லா வீட்டாலும் தர முடியும்.

வாழ்த்துப் புத்தகம் நல்ல யோசனைதான், தயாரிப்பில்தான் கோளாறு. வகுப்பில் 30 பேர் என்றால் அரை ஏ4 அளவில் 30 தாள். தடித்த தாளாகவும் இருந்தால் சாதாரண ஸ்டேப்ளர் ஊசி மறுபக்கம் வராது. பஞ்ச் செய்து நாடா கட்டும் வகையைப் பார்த்து வாங்குங்கள். இடப்பக்கம் 2.5 செ.மீ. ஓரத்துக்கு அச்சிட்ட கோடு இருக்க வேண்டும். இல்லையென்றால் பிள்ளைகள் விளிம்பிலிருந்தே எழுதுவார்கள், ஓட்டை சரியாக யாரோ ஒருவர் பெயர்மேல் விழும். பக்கம் வெறுமையாக இருந்தால் முப்பது பேரும் 'பிறந்தநாள் வாழ்த்துகள்' என்றே எழுதித் தருவார்கள். 'நீ எனக்கு உதவிய நாள்…', 'உன்னோடு விளையாடப் பிடித்தது…' என்று தொடக்கம் அச்சிட்ட பக்கங்களில்தான் உயிர் இருக்கும். எழுதத் தெரியாத வயதில் படம் வரையட்டும். பிள்ளை வாயால் சொல்வதை ஆசிரியர் அப்படியே கீழே எழுதித் தரலாம். இரண்டு நாள் முன்பே தொடங்கினால் விடுப்பில் இருந்தவர்களின் பக்கமும் சேரும்.

கிரீடம் சுமார்தான். பின்பக்கம் எலாஸ்டிக் இருந்தால் வாங்கலாம். வெல்க்ரோ என்றால் சொரசொரப்பான பகுதி வெளிப்பக்கம் பார்த்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் முடியைப் பிடித்து இழுக்கும். ஒன்பது, பத்து வயதுக்கு மேல் பலரும் கூச்சப்படுவார்கள், வற்புறுத்த வேண்டாம்.

ரிட்டர்ன் கிஃப்ட் பையை விட்டுவிடுங்கள். பளபளப்புத் தாள் சுற்றிய பென்சில் ஷார்ப்னரில் சீராகச் சீவாது. தாள் சுருண்டு பிளேடில் அடைத்துக்கொள்ளும். பழ வாசனை ரப்பர் நேராக வாய்க்குத்தான் போகும். மூன்று வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கு, சுமார் 32 மி.மீ. விட்டமுள்ள குழாய்க்குள் முழுதாக அடங்கும் எந்தப் பொருளும் தொண்டையில் அடைக்கக்கூடும். பலூன் இன்னும் மோசம்: வெடித்த துண்டு மூச்சை அடைக்கும், லேடெக்ஸ் ஒவ்வாமையும் உண்டு.

உணவில்லை என்று எழுதியிருப்பதாலேயே ஒவ்வாமைப் பயமில்லை என்று நம்பிவிடவும் கூடாது. பிளே-டோ போன்ற களிமண்ணில் கோதுமை உண்டு. தூசி பறக்காத சாக்பீஸ் சிலவற்றில் பால் புரதமான கேசின் இருக்கும். பறவைத் தீவனப் பொட்டலத்தில் வேர்க்கடலை கலந்திருக்கலாம். லேபிளில் சேர்மானம் அச்சிடாத பொருளை வகுப்புக்குள் கொண்டுபோகாதீர்கள்.

பைக்கு ஆகும் காசில் வகுப்பு நூலகத்துக்கு ஒரு புத்தகம் வாங்கலாம். கூச்சப்படும் பெரிய பிள்ளைகளுக்கு இதுவே பொருத்தம். முன்கூட்டியே ஆசிரியரிடம் பட்டியல் கேட்டால் இருக்கிற புத்தகத்தையே திரும்ப வாங்காமல் தப்பிக்கலாம். பெயரும் தேதியும் எழுதிய சீட்டை முன் அட்டையின் உட்புறம் பசையால் ஒட்டுங்கள். செல்லோ டேப் நாளடைவில் மஞ்சளாகி உரிந்துவிடும்.

எதை வாங்கினாலும் ஆண்டுத் தொடக்கத்திலேயே இரண்டு கேள்விகளை ஆசிரியரிடம் கேளுங்கள். விடுமுறையில் பிறந்தவர்களுக்கு எந்த நாள்? மத நம்பிக்கையால் பிறந்தநாள் கொண்டாடாத வீட்டுப் பிள்ளை வகுப்பில் இருந்தால் அந்தப் பத்து நிமிடம் அவருக்கு என்ன வேலை? சூரிய நடையில் மாத அட்டைகளை அடுக்கித் தரும் பொறுப்பை அவரிடம் கொடுக்கலாமா என்று அந்த வீட்டில் முன்பே பேசிவைப்பது நல்லது.