கிளைக்கதை எழுத எந்தக் கருவி: ஸ்டோரிஸ்பேஸா, இன்ஃபார்மா, ட்வைனா?

வாசகரின் தெரிவுக்கேற்பக் கிளைபிரியும் கதை ஒன்றைத் தமிழில் எழுத முற்பட்டபோது ஸ்டோரிஸ்பேஸ், இன்ஃபார்ம் 7, ட்வைன் ஆகிய மூன்று மென்பொருள்களையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். இறுதியில் ட்வைனைத் தேர்ந்தெடுத்தேன். இந்த அலசலும் அதன் பக்கமே சாய்ந்திருக்கும். விலையைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை: பின்னிரண்டும் இலவசம், ஸ்டோரிஸ்பேஸ் காசு கொடுத்து வாங்க வேண்டியது. கற்பதற்கு ட்வைனே எளிது. என் முடிவைத் தீர்மானித்தது வேறொரு கேள்வி: எழுதி முடித்த படைப்பு இருபது ஆண்டுகள் கழித்தும் திறக்குமா, அது திறப்பதற்காக யார் எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கும்?

இந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. எழுத்துகள் அசைந்து உருமாறும் மின்கவிதைகள் பல ஒரு காலத்தில், உலாவியில் அசைபடங்களை ஓட்டிய ஃப்ளாஷ் என்னும் மென்பொருளில் படைக்கப்பட்டன. அதன் உரிமையாளரான அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-உடன் ஃப்ளாஷ் பிளேயருக்கான ஆதரவை நிறுத்தி, 2021 ஜனவரி 12 முதல் அதில் எதுவும் ஓடாதபடி தடுத்தது. ஃப்ளாஷைப் போல் நடந்துகொள்ளும் ரஃபிள் என்னும் மென்பொருள் வழியாகச் சில படைப்புகள் மீண்டும் உயிர்பெற்றுள்ளன. எல்லாவற்றுக்கும் அந்த வாய்ப்பு அமையவில்லை.

ஸ்டோரிஸ்பேஸின் வரலாறும் இதையே சொல்கிறது. ஜே டேவிட் போல்டர், மைக்கேல் ஜாய்ஸ், ஜான் ஸ்மித் ஆகியோர் 1980களில் உருவாக்கிய இக்கருவியில்தான் ஜாய்ஸின் 'ஆஃப்டர்நூன்' என்னும் கிளைபிரியும் கதை எழுதப்பட்டது. ஈஸ்ட்கேட் நிறுவனம் அதை 1990-இல் நெகிழ்வட்டில் வெளியிட்டது. மேக் இயங்குதளம் மாறமாற அக்காலத்து வட்டுகள் புதிய கணினிகளில் திறக்காமல் போயின. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் வான்கூவர் வளாகத்தில் உள்ள மின்னிலக்கிய ஆய்வகம், இத்தகைய படைப்புகளைப் படிப்பதற்கென்றே பழைய மேக் கணினிகளைப் பேணி வருகிறது. படைப்பாளர்களும் வாசகர்களும் அவற்றில் படிப்பதைக் காணொளியாகவும் பதிந்து வைக்கிறது. போற்றத்தக்க பணிதான். ஆனால் ஒரு புனைவைப் படிக்க அது பிறந்த காலத்துக் கணினியே வேண்டும் என்ற நிலைக்கு என் கதையை நான் கொண்டுசெல்ல விரும்பவில்லை.

நீடிப்பை மட்டும் பார்த்தால் இன்ஃபார்மைக் குறைசொல்ல முடியாது. வாசகர் கட்டளைகளைத் தட்டச்சிட்டு நகர்த்தும் கதைகளுக்காகக் கிரகாம் நெல்சன் 1993-இல் உருவாக்கிய இன்ஃபார்ம், அத்தகைய கதைகளை வெளியிட்டுவந்த இன்ஃபோகாம் நிறுவனத்தார் 1979-இல் வடிவமைத்த 'இசட்-மெஷின்' என்னும் கற்பனைக் கணினிக்கான கதைக்கோப்புகளை ஆக்கித் தந்தது. உண்மையான கணினி எதுவாக இருந்தாலும், அதில் இசட்-மெஷினைப் போல் நடந்துகொள்ளும் ஒரு சிறு நிரல் இருந்தால் போதும் என்பதால், 1980களில் இன்ஃபோகாம் வெளியிட்ட கதைகளும் இன்றும் ஓடுகின்றன. சிக்கல் தமிழில்தான். 2006-இல் வந்த இன்ஃபார்ம் 7-இல் மூலநிரலையே ஆங்கில வாக்கியங்களாக எழுத வேண்டும். வாசகர் தட்டச்சிடும் கட்டளையைப் பகுக்கும் இலக்கணமும் ஆங்கிலத்துக்கானது. பிரெஞ்சு, ஜெர்மன் போன்ற மொழிகளுக்கு ஆர்வலர்கள் நீட்சிகள் எழுதியிருக்கிறார்கள். தமிழிலோ ஒருவர் 'பெட்டியைத் திற' என்பார், இன்னொருவர் ஒற்றை விட்டுவிட்டு 'பெட்டியை திற' என்பார், மூன்றாமவர் 'பெட்டி திற' என்று நிறுத்திக்கொள்வார். 'மரம்' 'மரத்தை' ஆகும், 'வீடு' 'வீட்டை' ஆகும். இவை அத்தனைக்கும் விதி எழுதிய பிறகே கதைக்கு வர முடியும். நான் இன்ஃபார்மில் செய்து பார்த்தது ஒரு சிறு சோதனை மட்டுமே. நிரலாக்கத்தில் தேர்ந்தவர் இந்தத் தடையை என்னைவிட எளிதாகக் கடக்கலாம்.

கிறிஸ் கிளைமாஸ் 2009-இல் வெளியிட்ட ட்வைனில் வாசகர் எதையும் தட்டச்சிட வேண்டியதில்லை, இணைப்பைத் தொட்டால் போதும். கதையின் ஒவ்வொரு துண்டும் இங்கே ஒரு 'பத்தி'; அதில் [[கதவைத் திற]] என்று இரட்டை அடைப்புக்குள் எழுதினால், அதே பெயரில் அடுத்த பத்தி உருவாகிவிடும். வெளியிடும்போது முழுக் கதையும் ஒரே எச்டிஎம்எல் கோப்பாக, அதாவது உலாவியில் திறக்கும் இணையப் பக்கமாக, கிடைக்கிறது. அதை நோட்பேடில் திறந்து கீழே போனால், ஒவ்வொரு பத்தியும் தன் பெயருடன் படிக்கக்கூடிய தமிழிலேயே அடுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். என்னை ஈர்த்தது இதுதான்: உலாவியில் கதையை ஓட்டும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் எதிர்காலத்தில் இயங்காமல் போனாலும்கூட சொற்கள் அழியா, யாரும் அவற்றை எடுத்து வேறு வடிவில் மீண்டும் கோத்துவிடலாம். கதையை இயக்கும் ஹார்லோ அல்லது சுகர்கியூப் வடிவத்தின் நிரலும் அந்தக் கோப்புக்குள்ளேயே இருப்பதால், பின்னாளில் புதிய பதிப்பு வந்தாலும் வெளியான கதை பாதிக்கப்படாது. தமிழ் எழுத்துகளைக் கோத்துக் காட்டும் வேலையை உலாவி பார்த்துக்கொள்கிறது, கைப்பேசியிலும் அப்படியே.

பராமரிப்பே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ட்வைனை உலாவியிலேயே வைத்து எழுதுபவரின் வரைவு அந்த உலாவியின் சேமிப்பில்தான் இருக்கும்; தரவை அழித்தால் வரைவும் போய்விடும் என்பதால், அன்றன்று எழுதியதைக் கோப்பாக இறக்கி வைப்பது கட்டாயம். படங்களையும் ஒலிகளையும் தனிக் கோப்புகளாக இணைத்தால் ஒரே கோப்பு என்ற வசதி அங்கேயே முறிகிறது. நான் எழுத்தோடு நிறுத்திக்கொண்டது அதனால்தான். நூற்றுக்கணக்கான பத்திகள் கொண்ட பெருங்கதையை நான் இதில் எழுதியதில்லை. அந்த அளவில் பத்திகளின் வரைபடம் கையாளக்கூடியதாக இருக்குமா என்பதை அத்தகைய கதையை எழுதியவர்களிடம்தான் கேட்க வேண்டும்.