மசாய் மாராவில் 'ஆற்றங்கரை டென்ட்' என்று பணம் கட்டுவதற்கு முன்

ஜூலையிலிருந்து அக்டோபருக்குள் கென்யாவின் மசாய் மாராவுக்குப் போகப் பணம் கட்டும் நிலையில் யாராவது இருந்தால், இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். நாங்கள் 2024 ஆகஸ்டில் போய் வந்தோம். மூன்று பேர், மூன்று இரவு, தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் கேம்ப் வண்டிக்கும் சேர்த்து 3,420 டாலர். அன்றைய மதிப்பில் 2 லட்சத்து 87 ஆயிரம் ரூபாய். விளம்பரத்தில் சொகுசு 'பொட்டிக்' கேம்ப், அதாவது டென்ட்களில் தங்குகிற சின்ன விடுதி. அந்தக் கேம்பின் பெயரையும் நடுவில் நின்ற ஏஜென்ட்டின் பெயரையும் இங்கே எழுதவில்லை, பணத்தைத் திரும்பக் கேட்டு நாங்கள் போட்ட மெயில்களுக்கு இன்னும் முடிவு வரவில்லை. ஆனால் இது அந்த ஒரு கேம்ப் மட்டும் செய்கிற வேலை இல்லை என்பது அங்கே போய் மற்றவர்களிடம் பேசிய பிறகு தெரிந்தது. அதனால் பெயர் இல்லாவிட்டாலும் விஷயம் உங்களுக்கு உதவும்.

போனது அம்மாவுக்காக. அம்மா கும்பகோணம் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் 31 வருடம் விலங்கியல் டீச்சராக இருந்தவர். டிவியில் வில்டபீஸ்ட் (மாடு போல இருக்கிற ஒரு மானினம்) கூட்டம் மாரா ஆற்றைக் கடக்கிற காட்சி வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவார். லட்சக்கணக்கான வில்டபீஸ்ட்கள் மழையையும் புல்லையும் தேடி தான்சானியாவின் செரெங்கெட்டியிலிருந்து மாராவுக்கு வந்து மறுபடி திரும்புகிற அந்தச் சுற்றை, போர்டில் வட்டம் போட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர். ரிட்டயர் ஆன பிறகு நானும் தம்பியும் சேர்ந்து இதைச் செய்தே ஆகவேண்டும் என்று முடிவு செய்தோம். அதனால்தான் விலை குறைந்த கேம்ப் வேண்டாம், நல்ல இடமாகவே பார்க்கலாம் என்று போனோம்.

ஏஜென்ட் அனுப்பிய பிடிஎஃபில் என்ன இருந்தது என்று சொல்கிறேன். ஆற்றங்கரையில் வரிசையாக டென்ட், முன்னால் மரப்பலகை போட்ட வராந்தா, தண்ணீரில் நீர்யானை. ஒரு வரைபடம், அதில் மாரா ரிசர்வின், அதாவது விலங்குகளுக்காக ஒதுக்கிய பாதுகாப்புப் பகுதியின், நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. "மசாய் மாராவில்" என்ற சொல் பக்கத்துக்கு நாலு தடவை. விலைப் பக்கத்தில், எல்லாம் சேர்த்தி, கன்சர்வேஷன் கட்டணமும் சேர்த்தி. அந்தக் கடைசி வரியைத்தான் நான் ரிசர்வுக்குள் போகிற நுழைவுக் கட்டணம் என்று எடுத்துக்கொண்டேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள், அதற்காகத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள் என்று இப்போது நினைக்கிறேன்.

நைரோபியிலிருந்து காலையில் கிளம்பி, ரிஃப்ட் பள்ளத்தாக்கு தெரிகிற இடத்தில் ஒரு டீ குடித்து, நாரோக் ஊரைத் தாண்டி, ரிசர்வின் நுழைவாயில்களில் ஒன்றான செகெனானி கேட் பக்கம் வந்து சேரும்போது மத்தியானம் இரண்டரை. கேட் வருவதற்கு முன்பே வண்டி ஒரு மண் ரோட்டில் திரும்பியது. வழியில் கடைகள், வீடுகள், ஆடு மேய்க்கிற பையன்கள், வரிசையாக மற்ற கேம்ப்களின் பலகைகள். கேட் எப்போது வரும் என்று டிரைவரிடம் கேட்டேன். "கேட் நாளைக்கு" என்றார்.

கேம்ப் ரிசர்வுக்கு வெளியே இருந்தது. அன்று சாயங்காலம் ரிசப்ஷனில் ஒரு தாளை நீட்டினார்கள். மறுநாளிலிருந்து ஆளுக்கு ஒரு நாளைக்கு 200 டாலர் ரிசர்வ் கட்டணம். அப்படியானால் கன்சர்வேஷன் கட்டணம் சேர்த்தி என்று எழுதியிருந்தது? அது பக்கத்துக் கிராமத்துக்குக் கொடுக்கிற ஒரு சின்னத் தொகையாம், ரிசர்வ் கட்டணம் வேறாம். மூன்று பேர், இரண்டு நாள், 1,200 டாலர், ஒரு லட்ச ரூபாய். கட்டாவிட்டால் இரண்டு நாளும் டென்ட்டிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். தம்பி கார்டை எடுத்து நீட்டினான், அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டே நீட்டினான்.

இந்த 200 டாலரைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும், அது ஏமாற்று இல்லை. ரிசர்வை நடத்துவது நாரோக் கவுண்டி அரசு, 2024 ஜனவரியிலிருந்து வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர் என்று கட்டணம் வைத்தார்கள். வெளியிலிருந்து வருபவர்களுக்கு டிக்கெட் காலை 6 மணியிலிருந்து மாலை 6 மணி வரை, 12 மணி நேரம்தான். விலங்குகளைக் காப்பாற்ற அரசு கட்டணம் வைப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வருத்தம், இந்தத் தொகையை முன்கூட்டியே தெரிந்தும் எங்களிடம் மறைத்தவர்கள் மேல்.

பணத்தைவிட எங்களுக்கு வலித்தது நேரம்தான். அதை யாரும் புக் செய்கிற நேரத்தில் யோசிப்பதில்லை. ரிசர்வ் மட்டுமே 1,500 சதுர கிலோமீட்டருக்கு மேல், ஆற்றைக் கடக்கிற துறைகள் இந்தக் கேட்டிலிருந்து நல்ல தூரம். முதல் நாள் ஆறு மணிக்குக் கிளம்பி கேட்டில் வண்டி வரிசையில் நின்றோம். ஒவ்வொரு வண்டிக்கும் பாஸ்போர்ட் பார்த்து ரசீது போட்டு விடுவதற்குள் ஏழே கால். அப்புறம் மண் தடத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். நாங்கள் போய்ச் சேரும்போது கரையெல்லாம் ஈரமாக இருந்தது, எதிர்க்கரையில் தூசி இன்னும் அடங்கவில்லை, கழுகுகள் இறங்கிக்கொண்டிருந்தன. அப்போதுதான் ஒரு கூட்டம் கடந்து முடிந்திருந்தது. ரிசர்வுக்குள் தங்கியிருந்தவர்கள் விடியும்போதே வண்டியில் வந்து இடம் பிடித்து, எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, வண்டியின் பானட்டில் டிபன் பாக்ஸைப் பரப்பிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் நாள் ஆற்றை விட்டு நகரவே கூடாது என்று சொல்லிவிட்டோம். ஒன்பதரையிலிருந்து கரையில் காத்திருந்தோம். ஆயிரக்கணக்கில் வில்டபீஸ்ட், நடுவில் வரிக்குதிரைகள். முன்னால் நிற்பது இறங்கி வந்து தண்ணீரை முகரும், எதற்கோ மிரண்டு திரும்பும், உடனே மொத்தக் கூட்டமும் திரும்பி ஓடும். அரை மணி கழித்து மறுபடி வரும். அம்மா ஒரு தடவைகூட அலுத்துக்கொள்ளவில்லை. மத்தியானம் கட்டித் தந்த சாண்ட்விச்சைக்கூடத் தொடவில்லை. நாலு மணிக்கு டிரைவர் வாட்ச்சைப் பார்த்தார். ஆறு மணிக்குள் கேட்டைத் தாண்ட வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். நாலு பத்துக்குக் கிளம்பினோம், மற்ற வண்டிகள் அசையவில்லை. இருபத்தைந்து நிமிடம் போயிருப்போம், வயர்லெஸ்ஸில் ஸ்வாஹிலியில் ஒரே சத்தம். டிரைவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "போலே, மாமா" என்றார். ஸ்வாஹிலியில் மாமா என்றால் அம்மா, போலே என்றால் வருத்தமாக இருக்கிறது என்று அர்த்தம். கூட்டம் இறங்கிவிட்டது. திரும்பிப் போனால் கேட்டைப் பிடிக்க முடியாது. நான் ஏதோ கத்த ஆரம்பித்தேன், அம்மாதான் "அந்தப் பையனை ஒண்ணும் சொல்லாதே, அவன் என்ன பண்ணுவான்" என்று என் கையைப் பிடித்தார்.

உண்மையில் அந்த டிரைவர்தான் அந்தக் கேம்பில் நேர்மையாக இருந்த ஒரே ஆள். கரையான் புற்றின் மேல் ஏறி நின்று காவல் பார்க்கிற டோப்பி மானை அம்மாவுக்குத் தேடித் தேடிக் காட்டியவர். விவரம் எல்லாம் அவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆற்றைப் பார்த்த டென்ட் என்று கூடுதல் பணம் வாங்கியவர்கள் கொடுத்தது பின் வரிசை, ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில், இரவு பத்து வரை அதன் சத்தம். ஆறு என்று சொன்னது ஒரு சின்ன ஓடை, அதில் தண்ணீர் இல்லை. படத்தில் இருந்த நீர்யானை எந்த ஊரிலோ எடுத்தது. தம்பி தனி டென்ட்டில் தங்கியதற்கு 'தனி ஆள் கட்டணம்' என்று முதலிலேயே வாங்கிக்கொண்டு, அங்கே மறுபடி கேட்டார்கள், ரசீதைக் காட்டிய பிறகு விட்டார்கள். இன்னொன்று, ஆளுக்கு 60 டாலர் 'இரவு சஃபாரி'. மாரா ரிசர்வுக்குள் இரவில் வண்டி ஓட்டி விலங்கு பார்க்க அனுமதியே கிடையாது. எங்களை ஊர் ரோட்டில் டார்ச் அடித்து ஒரு மணி நேரம் சுற்றிக் காட்டிவிட்டுக் கொண்டுவந்து விட்டார்கள்.

இங்கே ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் ரிசர்வுக்கு வெளியே என்றாலே மோசம் என்று நான் சொல்லவில்லை. ரிசர்வை ஒட்டி மாரா நார்த், நபோய்ஷோ, ஒலாரே மோட்டோரோகி என்று கன்சர்வன்சிகள் இருக்கின்றன. மசாய் குடும்பங்களின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, கேம்ப்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தி நடத்துகிற இடங்கள். அங்கே தங்கினால் இரவு சஃபாரி உண்டு, தடத்தை விட்டு வண்டி இறங்கலாம், கூட்டம் குறைவு. அதற்குத் தனிக் கட்டணம் உண்டு, ஆற்றுக்குப் போக ரிசர்வ் கட்டணமும் தனி, ஆனால் நல்ல கேம்ப்கள் இதை முதல் மெயிலிலேயே பிரித்துச் சொல்லிவிடுவார்கள் என்று அங்கே தங்கியிருந்த ஒரு பெங்களூர் குடும்பம் சொன்னது. ரிசர்விலேயே மாரா ஆற்றுக்கு மேற்கே இருக்கிற பகுதி மாரா ட்ரையாங்கிள், அதை 2001லிருந்து மாரா கன்சர்வன்சி என்ற அமைப்பு நடத்துகிறது, அதன் கேட்டும் வேறு. எங்களுடையது இது எதுவுமே இல்லை, கேட்டுக்கு வெளியே ஊருக்குள் வேலி போட்ட ஒரு இடம். அதற்கு வாங்கியது உள்ளே இருக்கிற கேம்பின் விலை.

அதனால் விலையைப் பேசுவதற்கு முன் கேம்பின் ஜிபிஎஸ் எண்ணை வாங்கி மேப்பில் நீங்களே போட்டுப் பாருங்கள், அவர்கள் வரைந்து தருகிற புள்ளியை நம்பாதீர்கள். ரிசர்வுக்குள்ளா, எந்தக் கன்சர்வன்சி, எதுவும் இல்லையென்றால் எந்தக் கேட், அங்கிருந்து ஆற்றுக்கு எத்தனை மணி நேரம், இதற்கெல்லாம் மெயிலில் பதில் வாங்குங்கள். போனில் சொன்னது எதுவும் நிற்காது, எங்கள் ஏஜென்ட் போனில் "உள்ளேதான் சார்" என்று தம்பியிடம் சொன்னதை இப்போது சொல்லவே இல்லை என்கிறார். 'நாரோக் கவுண்டி ரிசர்வ் கட்டணம், இத்தனை பேருக்கு, இத்தனை நாளைக்கு, சேர்த்தி' என்று அதே வார்த்தையில் வவுச்சரில் இருக்கட்டும். கன்சர்வேஷன் கட்டணம், பார்க் கட்டணம் என்ற பொதுச் சொற்கள் வேண்டாம். டென்ட் எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். தங்குமிடங்களுக்கும் டூர் நிறுவனங்களுக்கும் அங்கே உரிமம் தருவது டூரிசம் ரெகுலேட்டரி அதாரிட்டி, டூர் நடத்துபவர்களுக்கு 'கேட்டோ' (KATO) என்கிற சங்கமும் இருக்கிறது, உறுப்பினரா என்று பார்த்துக்கொள்ளலாம். நாங்கள் இரண்டையும் பார்க்கவில்லை.

பணம் கட்டும் விஷயத்தில்தான் நாங்கள் செய்த பெரிய தவறு. கார்டில் கட்டினால் 5 சதவீதம் கூடுதல், 171 டாலர் ஆகும், வங்கி வழியாக அனுப்பிவிடுங்கள் என்றார் ஏஜென்ட். அதை மிச்சம் பிடிக்க வயர் டிரான்ஸ்பர் செய்தோம். கார்டில் கட்டியிருந்தால் சொன்ன சேவை கிடைக்கவில்லை என்று வங்கியில் முறையிட்டிருக்கலாம், வயரில் போன பணத்துக்கு அந்த வழி இல்லை என்று எங்கள் வங்கி சொல்லிவிட்டது.

மேனேஜரிடம் கடைசி நாள் காலையில் ஒரு மணி நேரம் பேசினேன். மசாய் மாரா என்பது ரிசர்வுக்கு மட்டும் பெயர் இல்லை, இந்த வட்டாரத்துக்கே அதுதான் பெயர், நாங்கள் பொய் சொல்லவில்லை என்றார். மெயிலில் கடைசியாக வந்த பதில், அடுத்த முறை வந்தால் 10 சதவீதத் தள்ளுபடி. நாங்கள் கேட்டிருப்பது டென்ட்டுக்கான கூடுதல் பணமும் இரவு சஃபாரி பணமும், அதற்கு இன்னும் பதில் இல்லை. வவுச்சரில் கன்சர்வேஷன் கட்டணம் பற்றிய வரி எப்படி எழுதப்பட்டிருந்தது என்று பார்க்க விரும்புகிறவர்கள் கேளுங்கள், பெயரை மறைத்து அனுப்புகிறேன்.